அழுக்காறு முதல் கண்ணேறு வரை

ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தெருக்களில் குங்குமம் கலந்த பூசணித் துண்டுகள் சிதறிக் கிடக்கும். லேத்துப் பட்டறை, வார்ப்பாலை, ஆயத்த ஆடை நிறுவனம், மென்பொருள் அலுவலகம் என்று எந்தத் தொழிலானாலும் வாசலில் ஒரு பூசணிக்காயாவது உடைந்திருக்கும். காயின் மேற்பகுதியில் துளையிட்டு, உள்ளே குங்குமமும் சில்லறைக் காசும் போட்டு, மேலே கற்பூரம் ஏற்றி, இயந்திரங்களுக்கும் வாசலுக்கும் சுற்றி, முச்சந்தியில் போட்டு உடைப்பார்கள். எதற்கு என்று கேட்டால் "கண்ணு படாம இருக்கத்தான்" என்று சொல்வார்கள்.

யாருடைய கண் என்று கேட்டால் பெயர் வராது. "ஊர்க் கண்ணு" என்ற பொதுச்சொல்தான் வரும். பக்கத்துப் பட்டறைக்காரரும் அதே இரவில் அதே ஊர்க் கண்ணுக்காகப் பூசணி உடைத்திருப்பார். அவருக்கு ஊர் என்பது இவரையும் சேர்த்துத்தான்.

சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூரிலிருந்து ஆவடி வரையிலும் பூவிருந்தவல்லி வரையிலும், பொறாமையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. பிறர் பொறாமைக்கு அஞ்சுவதை எவரும் மறைப்பதில்லை. தன் பொறாமையை ஒப்புக்கொள்பவரோ அரிது. இந்த ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது என்பதற்கு நல்ல தடயம் தமிழ்ச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. பொறாமையைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. அழுக்காறு, ஔவியம், பொறாமை, வயிற்றெரிச்சல், புகைச்சல், காழ்ப்பு, கண்ணேறு, கண்ணூறு, திருஷ்டி. வடமொழி வழியே வந்த அசூயையும் மாச்சரியமும் உண்டு. இவற்றில் சில பொறாமைப்படுபவரின் உள்ளத்தைப் பேசுகின்றன. சில, பொறாமைக்கு ஆளானவரின் அச்சத்தைப் பேசுகின்றன. ஏட்டில் முதல் வகை ஓங்கியிருக்கிறது. தெருவில் இரண்டாம் வகை.

பொறுக்க முடியாத பாரம்

'பொறாமை' என்ற சொல்லின் அமைப்பு எளிது. 'பொறு' என்ற வினையடியோடு எதிர்மறை சேர்ந்து உருவானது. பொறுக்காத தன்மை, பொறுக்க இயலாமை என்பதே அதன் நேர்ப்பொருள். பொறுத்தல் என்றால் தாங்குதல், சுமத்தல். 'பொறை' என்ற பழஞ்சொல்லுக்குச் சுமை என்றும் பொருள், பொறுமை என்றும் பொருள். 'பொறுப்பு' என்ற சொல்லும் இதே குடும்பம். ஆக, அடுத்தவர் நன்மையைப் பார்க்கும்போது அது தன் தலையில் ஏறிய சுமையாகி, அதைத் தாங்க மாட்டாமல் தவிக்கும் நிலைக்குத்தான் தமிழர் பொறாமை என்று பெயரிட்டிருக்கிறார்கள். இதில் பகை என்ற குறிப்பு இல்லை. கெடுதல் செய்யும் எண்ணம்கூட இல்லை. வலுக்குறைவு மட்டுமே இருக்கிறது.

திருக்குறளின் அதிகார வரிசையும் இதையே சொல்கிறது. அறத்துப்பாலில் 16ஆம் அதிகாரம் பொறையுடைமை, 17ஆம் அதிகாரம் அழுக்காறாமை. பொறாமை என்பது பொறைக்கு எதிரானது. ஆகவே பொறையுடைமையின் பின்னே அழுக்காறாமை வைக்கப்பட்டது என்று உரையாசிரியர் பரிமேலழகர் காரணம் காட்டுகிறார். அடுத்து வருவன வெஃகாமை, அதன்பின் புறங்கூறாமை. நான்கையும் சேர்த்துப் படித்தால் ஒரு மனிதன் படிப்படியாகச் சரியும் பாதை தெரிகிறது. தாங்கும் வலு போகிறது. அடுத்தவர் பொருளைக் கண்டு மனம் புழுங்குகிறது. பிறகு அந்தப் பொருளையே கவர நினைக்கிறது. அதுவும் முடியாதபோது அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசுகிறது.

வள்ளுவர் 'அழுக்காறு' என்ற சொல்லையே பெரிதும் ஆள்கிறார். 'அழுக்கு' என்ற ஒலி அதில் தெளிவாகக் கேட்பதால், மனத்தில் படியும் மாசு என்ற எண்ணம் கேட்பவர்க்குத் தானாகவே தோன்றுகிறது. அந்தப் பத்துக் குறள்களில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு: பொறாமைக்கு ஆளானவருக்கு என்ன கேடு வரும் என்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. கெடுபவர் முழுக்க முழுக்கப் பொறாமைப்படுபவர்தான். அவரை அழிக்க வேறு பகை வேண்டாம், அந்தக் குணமே போதும் என்கிறார். பிறருக்குக் கொடுக்கப்படுவதைக் கண்டு புழுங்குபவனின் சுற்றமே உடையும் உணவும் இன்றிக் கெடும் என்கிறார். திருமகள் அவனைத் தன் அக்காளுக்கு, அதாவது மூதேவிக்கு, அடையாளம் காட்டிவிட்டு விலகிவிடுவாள் என்கிறார். ஒரு குறளில் அழுக்காற்றையே ஒரு பாவியாக உருவகித்து, செல்வத்தைக் கெடுத்துத் தீயிலும் தள்ளும் என்று எச்சரிக்கிறார். முன்னதாக அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில், அறத்துக்கு ஆகாத நான்கைப் பட்டியலிடும்போதும் முதலிடம் அழுக்காற்றுக்குத்தான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்தப் பாடம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. ஆத்திசூடியில் உயிரெழுத்து வரிசையின் கடைசி எழுத்தான 'ஔ'வுக்கு ஔவையார் எடுத்துக்கொண்டது ஔவியம். பொறாமைச் சொல் பேசக் கூடாது என்பது அங்கே அறிவுரை. ஔவியம் என்ற சொல்லைப் பேச்சில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத குழந்தைக்கும் அது தெரிந்திருக்கிறது. ஏட்டு மரபு நெடுகிலும் எச்சரிக்கை ஒரே திசையில் போகிறது: உன் மனத்தைப் பார்.

வயிற்றில் எரியும் நெருப்பு

பேச்சுத் தமிழில் பொறாமைக்கு உரிய இடம் வயிறு. அதன் தன்மை நெருப்பு. "அவனுக்கு வயித்தெரிச்சல்", "உள்ளுக்குள்ள புகையுது", "காந்துது" என்று சொல்லாத தெரு இல்லை. பாதி ஆங்கிலமாக்கி 'ஸ்டொமக் பர்னிங்' என்று சொல்வோரும் சென்னையில் உண்டு. எரிவது ஒருவர் வயிறு என்பதால் இங்கும் வேதனை பொறாமைப்படுபவருக்கே. அந்த அளவில் தெருப்பேச்சும் குறளும் ஒத்துப்போகின்றன.

இந்தச் சொற்களுக்கு ஆய்வுக்கூடத்திலிருந்தும் ஒரு துணை கிடைத்திருக்கிறது. ஜப்பானில் ஹிதெஹிகோ தகாஹாஷியும் உடனாளர்களும் மூளைப் படப்பிடிப்பு மூலம் செய்த ஆய்வு 2009இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. தம்மைவிடச் சிறந்த ஒருவரோடு, அதுவும் தமக்கு முக்கியமான ஒரு துறையில், தம்மை ஒப்பிட்டுப் பார்த்தபோது, வலியை உணர்வதோடு தொடர்புடைய முன்புற சிங்குலேட் புறணி என்ற மூளைப்பகுதி கூடுதலாக இயங்கியது. அதே ஆளுக்குக் கேடு வந்ததாகச் சொன்னபோது, வெகுமதி கிடைக்கையில் இயங்கும் பகுதி தூண்டப்பட்டது. 'எரிச்சல்' என்று தமிழர் சொன்னது வெறும் அணி இல்லை போலும்.

ஆனால் வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு பொருளும் உண்டு. "வயித்தெரிச்சலக் கொட்டிக்காதே" என்று பெரியவர்கள் கண்டிக்கும்போது அந்த எரிச்சல் பொறாமை ஆகாது. ஏமாற்றப்பட்டவர், உழைத்துக் கூலி பெறாதவர், நிலத்தை இழந்தவர் ஆகியோரின் உள்வேதனை அது. அந்த வேதனைக்குச் சாபத்தின் வலு உண்டு என்பது ஊரின் நம்பிக்கை. ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால், ஒன்றை மற்றொன்றாக மாற்றிச் சொல்வது எளிதாகிவிடுகிறது.

தொழிற்சாலைப் பகுதியில் இந்தக் குழப்பம் சிறிய விஷயம் ஆகாது. ஒரே இயந்திரத்தில் ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவர் நிரந்தரத் தொழிலாளி, மற்றவர் ஒப்பந்தத் தொழிலாளி. சம்பளச் சீட்டில் இருவருக்கும் பெரிய இடைவெளி. அதைக் கேட்பவரிடம் "அவனைப் பார்த்து ஏன் பொறாமைப்படுற?" என்று சொல்லிவிட்டால் கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது. நியாயம் கேட்பவரைச் சிறுமனம் படைத்தவராகக் காட்ட இந்தச் சொல்லைவிடக் கைக்கு அருகில் வேறு கருவி இல்லை. அடுத்தவரிடம் இருப்பது அவரிடம் இருக்கக் கூடாது என்று நினைப்பது பொறாமை. தனக்கு உரியது தனக்கு வரவில்லை என்று சொல்வது முறையீடு. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது தவறு.

திருமுல்லைவாயிலும் ஊடலும்

காதலில் வரும் பொறாமையைத் தமிழ் மரபு முற்றிலும் வேறோர் அறையில் வைத்தது. அதற்கு அழுக்காறு என்று பெயரிடவில்லை. ஊடல் என்றது, புலவி என்றது. அழுக்காறு அறத்துப்பாலில் விலக்க வேண்டிய குற்றம். ஊடலோ காமத்துப்பாலில் அளவோடு சேர்க்க வேண்டிய உப்பு. 132ஆம் அதிகாரமான புலவி நுணுக்கத்தில், கணவன் தும்மினால்கூட, யார் நினைத்ததால் தும்மினாய் என்று அழும் மனைவியைக் காண்கிறோம். எல்லோரையும்விட உன்மேல் அன்பு என்று அவன் சொன்னால், அந்த எல்லோரும் யார் யார் என்று கேட்கிறாள். இந்தச் சந்தேகங்களை வள்ளுவர் கண்டிக்கவில்லை, பரிவோடு எழுதுகிறார். திருக்குறள் முழுவதும் ஊடலுவகை என்ற அதிகாரத்தோடு முடிகிறது.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயில், இந்த உணர்வோடு தொடர்புள்ள ஒரு பழங்கதையின் வழித்தடத்தில் இருக்கிறது. நாயன்மார்களில் ஒருவரான சுந்தரருக்குத் திருவாரூரில் பரவை, திருவொற்றியூரில் சங்கிலி என இரு மனைவியர். ஒற்றியூரை விட்டு நீங்கமாட்டேன் என்று சங்கிலிக்குச் செய்துகொடுத்த சூளை மீறி ஊர் எல்லையைக் கடந்ததும் அவர் பார்வையை இழந்தார். அந்த நிலையில் அவர் வந்து பாடிய தலங்களில் ஒன்று திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில். ஏழாம் திருமுறையில் உள்ள அந்தப் பதிகத்திலேயே சங்கிலியின் பொருட்டுக் கண் போனதை அவர் குறிப்பிடுகிறார். பின்னர் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறுகண்ணும் பெற்றார் என்பது வரலாறு.

பார்வை திரும்பியும் சிக்கல் தீரவில்லை. சங்கிலியை மணந்த செய்தி கேட்ட பரவையார் அவரை வீட்டுக்குள் விட மறுத்தார். சுந்தரருக்காகச் சிவபெருமானே நள்ளிரவில் பரவையின் வீட்டுக்கு இருமுறை தூது நடந்தார். முதன்முறை அர்ச்சகர் வேடத்தில் போனவருக்கு மறுப்புதான் கிடைத்தது. கடவுளைத் தூது அனுப்பியதற்காகச் சினந்து சுந்தரரோடு பகைத்தவர் ஏயர்கோன் கலிக்காமர். இவற்றையெல்லாம் பெரியபுராணத்தில் கலிக்காமர் புராணத்துக்குள் வைத்து விரிவாகப் பாடிய சேக்கிழார், பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்தவர். 12ஆம் நூற்றாண்டில் சோழ அரசவையில் பணியாற்றியவர். பரவையின் கோபத்தை அவர் ஒரு குணக்கேடாகக் காட்டவில்லை. அதைத் தணிக்க இறைவனே நடக்க வேண்டியிருந்தது என்பதால் அந்தக் கோபத்துக்கு ஒரு மதிப்பே சேர்கிறது.

இந்த மரபில் ஓர் ஒருதலைச் சாய்வும் உண்டு. ஊடுபவள் பெரும்பாலும் பெண். பிரிந்து போய் வருபவன் ஆண். அவளுடைய பொறாமைக்கு அழகான சொற்கள் கிடைத்தன. ஆணின் பொறாமைக்கு மரபு அப்படி ஒரு சொல்லைத் தரவில்லை. இன்று அதன் பெயர் 'சந்தேகம்'. செய்தித்தாளில் குற்றச் செய்திகளைப் படிப்பவருக்கு "மனைவியின் நடத்தையில் சந்தேகம்" என்ற தொடர் பழகிப்போயிருக்கும். கொன்றவனின் பொறாமை அந்தத் தொடரில் எங்கும் இல்லை. கொல்லப்பட்டவளின் நடத்தைதான் இருக்கிறது. எழுவாய் மாறிப்போன இந்தத் தொடரைச் செய்தியாளர்கள் கைவிட வேண்டும். கணவனின் பொறாமை என்று எழுதினால் குற்றம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

கண் என்னும் ஆயுதம்

அழுக்கும் பாரமும் நெருப்பும் உள்ளே இருப்பவை. கண் வெளியே பாய்வது. கண்ணேறு என்ற சொல்லில் 'ஏறு' என்பது தாக்குதல். இடியேறு என்பதில் வரும் அதே ஏறு. கண்ணூறு என்பதில் 'ஊறு' தீங்கு. திருஷ்டி என்பது பார்வையைக் குறிக்கும் வடசொல். அதன் தமிழ் வடிவம் திட்டி. பார்த்த மாத்திரத்தில் கொல்லும் பாம்புக்குத் திட்டிவிடம் என்று பெயர். மணிமேகலையின் முற்பிறவிக் கணவனான இராகுலன் திட்டிவிடத்தால்தான் இறக்கிறான். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது" என்ற பழமொழி இதே எண்ணத்தின் சுருக்கம்.

வைணவ மரபில் இதற்குக் 'கண்ணெச்சில்' என்று ஒரு சொல் இருக்கிறது. எச்சில் பட்ட உணவு மாசுபடுவதாகக் கருதுவது போலப் பல கண்கள் பட்ட அழகும் மாசுபடும் என்பது அதன் உட்பொருள். பெரியாழ்வார் கண்ணனுக்கு அந்திக் காப்பிடுவதாகப் பதிகம் பாடியிருக்கிறார். அவருடைய திருப்பல்லாண்டுக்கு மரபு சொல்லும் காரணமும் இதுவே: காட்சி தந்த திருமாலின் அழகுக்குக் கண்பட்டுவிடுமோ என்று அஞ்சி அவனுக்கே வாழ்த்துப் பாடினார். உற்சவ மூர்த்தி வீதியுலா முடிந்து திரும்பியதும் திருவந்திக்காப்பு எடுக்கும் வழக்கம் பெருமாள் கோயில்களில் இன்றும் இருக்கிறது. கடவுளைத் தரிசிக்க வந்தவர்கள் பக்தர்கள். அவர்களுடைய பார்வைக்கும் கழிப்பு தேவைப்படுகிறது.

வீடுகளிலும் இதே தர்க்கம்தான். குழந்தைக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போடும்போது பாட்டிமார் அடுக்கும் கண்களின் பட்டியலில் நாய்க்கண், பேய்க்கண், கொள்ளிக்கண் ஆகியவற்றோடு தாய்க்கண்ணும் உண்டு. பெற்றவளின் பார்வையும் ஆபத்தானது என்றால், கண்ணேற்றின் வேர் பகையில் மட்டும் இல்லை. வியப்பிலும் ஆசையிலும் இருக்கிறது. அதனால்தான் நன்றாகச் சிரிக்கும் குழந்தையை வாய்விட்டுப் புகழத் தயங்குகிறார்கள். கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்து அழகைக் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறார்கள். அமெரிக்க மானுடவியலாளர் கிளாரன்ஸ் மலோனி தொகுத்து 1976இல் வெளியான 'தி ஈவில் ஐ' நூலில், தெற்காசியாவைப் பற்றி அவரே எழுதிய கட்டுரையின் தலைப்பும் அழகான குழந்தை என்று சொல்லாதே என்ற இந்தத் தயக்கத்தைப் பற்றியதே. அதற்கும் முன்பே, சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சகுனங்கள் பற்றி 1912இல் வெளியிட்ட நூலில் கண்ணேற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்.

காப்புப் பொருள்களின் பட்டியல் நீளமானது. கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் கோரைப்பல் திருஷ்டி பொம்மை அல்லது வைக்கோல் உருவம். கடை வாசலில் கறுப்புக் கயிற்றில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும், இல்லையென்றால் படிகாரம். வீட்டு நிலைப்படியில் ஆகாச கருடன் கிழங்கு. கல்லாவுக்கு மேலே, 'என்னைப் பார் யோகம் வரும்' என்ற எழுத்தோடு கழுதைப் படம். புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். லாரியின் முன்னால் கறுப்புக் கயிறு. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் அது சிவக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தோடு சேரும்போது நிறம் மாறும் என்பதே வேதியியல். மிளகாயை நெருப்பில் போட்டு நெடி வராவிட்டால் கடுமையான திருஷ்டி என்பார்கள். இவை பெரும்பாலும் பார்வையை வேறு பக்கம் திருப்பும் உத்திகள். விகாரமான ஒரு பொம்மை முதல் பார்வையை வாங்கிக்கொண்டால், வீட்டின் மேல் விழுவது இரண்டாம் பார்வைதான் என்பது கணக்கு.

இவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் பொதுநலன் கருதிச் சொல்ல வேண்டும். நடுச்சாலையில் உடைத்த பூசணி இரு சக்கர வண்டிகளைச் சறுக்கி விழச் செய்கிறது. சாலையில் உடைக்க வேண்டாம் என்று காவல்துறையும் மாநகராட்சியும் பண்டிகைதோறும் கேட்டுக்கொள்கின்றன. தன் தொழிலுக்குத் தீங்கு வரக் கூடாது என்று செய்த சடங்கில் முகமறியாத ஒருவரின் எலும்பு முறிவது அறம் ஆகாது. உடைப்பவர் வாசல் ஓரத்தில் உடைத்து, அவரே அள்ளிப் போடலாம்.

சமமானவர்களின் ஊர்

அரிஸ்டாட்டில் தம் 'ரெட்டரிக்' நூலின் இரண்டாம் பகுதியில் சொன்ன ஒன்று இன்றும் ஆய்வாளர்களால் எடுத்தாளப்படுகிறது: பொறாமை நமக்கு எட்டாத உயரத்தில் இருப்பவர்மேல் வருவதில்லை, வயதிலும் இடத்திலும் பிறப்பிலும் பெயரிலும் நமக்கு நெருங்கியவர்மேலேயே வருகிறது. குஜராத்தின் பட்டிதார் சமூகத்தில் ஆய்வு செய்த டேவிட் போக்காக், 1973இல் வெளியான தம் நூலில், அவர்கள் 'நஜர்' என்னும் கண்ணேற்றுக்கு மிகவும் அஞ்சுவது ஏறத்தாழச் சமமானவரிடமே என்று எழுதினார். மகாபாரதத்தில் துரியோதனன் புழுங்குவதும் பங்காளிகளைப் பார்த்துத்தான். பாரதியார் 1912இல் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தில் 'துரியோதனன் பொறாமை' என்று தனித் தலைப்பே இட்டார்.

மேற்குப் புறநகரின் வரலாறு, இப்படிச் சமமானவர்களை அருகருகே குடிவைத்த வரலாறு. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் யு.என். தேபர் தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. 1960களின் தொடக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. விஜயந்தா டாங்கிகள் அங்கேதான் உருவாயின. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தது. பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே ஆலையில், ஒரே படிநிலைச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். வீட்டு வசதி வாரியத்தின் குடியிருப்புகளிலும் தனியார் மனைப்பிரிவுகளிலும் ஒரே அளவு மனைகளில் வீடு கட்டினார்கள்.

கிராமத்தில் பெரிய வீடு யாருடையது என்பது பிறக்கும்போதே தெரியும். அங்கே மேல் கீழ் என்ற அடுக்கு சாதியாலும் நிலத்தாலும் இறுகிக் கிடந்தது. புறநகரில் அந்த அடுக்கு ஓரளவு தளர்ந்ததும் ஒப்பீடு தொடங்கியது. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த இருவரில் ஒருவர் மாடி எடுத்தால் மற்றவர் தம் வீட்டை நிமிர்ந்து பார்க்கிறார். இங்கே பொறாமை பெருகியிருந்தால், அது மக்களின் மனம் கெட்டதற்கு அடையாளம் ஆகாது. உனக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்கலாம் என்று எண்ணும் உரிமை பலருக்கு முதன்முதலாக வந்ததன் விளைவு அது. மாடி எடுத்தவர் அதை உணர்ந்திருக்கிறார். திருஷ்டி பொம்மை தொங்குவது அதனால்தான்.

நெதர்லாந்தின் நீல்ஸ் வான் டி வென் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இரு வகைப் பொறாமையைப் பிரித்துக் காட்டியது. ஒன்று, அடுத்தவரைக் கீழே இழுக்கத் தூண்டுவது. மற்றொன்று, தன்னை மேலே உயர்த்தத் தூண்டுவது. தீய பொறாமைக்கு ஆளாவோம் என்று அஞ்சுபவர்கள், பொறாமைப்படக்கூடியவர்களுக்குக் கூடுதலாக உதவுகிறார்கள் என்று அதே குழு 2010இல் காட்டியது. கிரகப்பிரவேசத்துக்குத் தெரு முழுவதையும் அழைத்து இலைபோடுவதும், புது வண்டி வாங்கியவர் இனிப்போடு படியேறுவதும் இந்த வெளிச்சத்தில் புதுப்பொருள் பெறுகின்றன. நன்மையில் ஒரு பங்கை ஊருக்குக் கொடுத்துவிட்டால் ஊரின் கண் குளிர்கிறது. காப்புகளிலேயே எவருக்கும் தீங்கில்லாத காப்பு இதுதான்.

யாருடைய கண் குற்றவாளி?

ஊர்க் கண் என்று பொதுவாகச் சொல்லும்வரை எவருக்கும் காயமில்லை. அது ஒரு குறிப்பிட்ட ஆளின் கண்ணாக மாறும்போதுதான் கொடுமை தொடங்குகிறது. அப்படி மாறும்போது சுட்டப்படுபவர் பெரும்பாலும் கணவனை இழந்த பெண், குழந்தை இல்லாத பெண், திருமணம் தள்ளிப்போன பெண். அவர்களிடம் இல்லாத ஒன்று இன்னொருத்தியிடம் இருப்பதால் அவர்கள் பொறாமைப்பட்டே தீருவார்கள் என்று சமூகம் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது.

வளைகாப்பில் இதைக் கண்ணால் காணலாம். கர்ப்பிணியின் கையில் வளையல் அடுக்கவும் கன்னத்தில் சந்தனம் பூசவும் சுமங்கலிகளை ஒவ்வொருவராக அழைக்கிறார்கள். கணவனை இழந்த அத்தையும், பத்தாண்டாகக் குழந்தைக்குக் காத்திருக்கும் சித்தியும் பின்வரிசையிலோ சமையல்கட்டிலோ நிற்கிறார்கள். சில வீடுகளில், பெற்று வளர்த்த மகளுக்கே வளையல் போட முடியாமல் விதவைத் தாய் ஒதுங்கி நிற்கிறாள். அழைக்காமல் விட்டதற்கு "கண்ணு பட்டுடும்" என்ற ஒரே சொல் காரணமாகிறது. அவர்கள் மனத்தில் பொறாமை இருந்ததா என்று எவரும் கேட்டதில்லை. இருப்பதாகத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

அழுக்காற்றைப் பற்றி எழுதியவர்கள் ஒவ்வொருவரையும் தம் மனத்தைச் சோதிக்கச் சொன்னார்கள். கண்ணேற்று அச்சம் அந்தச் சோதனையை அடுத்தவர் மேல் திருப்பிவிட்டது. பிறர் பொறாமைக்குக் காப்பாக நூறு பொருள்கள் கடையில் கிடைக்கின்றன. தன் பொறாமையைக் கழிக்கச் சடங்கு ஒன்றுகூட இல்லை. பூசணி உடைப்பதும் எலுமிச்சை கட்டுவதும் அவரவர் நம்பிக்கை. அவற்றால் பிறருக்குத் தீங்கு வராதவரை சண்டைக்கு இடமில்லை. ஒரு பெண்ணை அவளுடைய சொந்தக் குடும்ப விழாவிலிருந்து விலக்கி வைப்பது அப்படிப்பட்டது ஆகாது. அது காப்பு என்ற பெயரில் செய்யும் அவமதிப்பு.

இதை மாற்ற அரசாணை வேண்டாம். விழா நடத்தும் வீட்டார் மனம் வைத்தால் போதும். அடுத்த வளைகாப்புக்கு அழைப்பு எழுதும்போது, கணவனை இழந்தவரையும் குழந்தை இல்லாதவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முன்வரிசையில் உட்காரவைத்து, முதல் வளையலை அவர்கள் கையாலேயே போடச் சொல்லுங்கள்.